லேபில் தமிழ் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டு பி.காம். மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் எடுக்கிறேன். கட்டுரை, கடிதம் எழுதும் பகுதியை அடுத்த பருவத்திலிருந்து வாரம் 2 மணி நேரம் கம்ப்யூட்டர் லேபில் வைத்து நடத்தச் சொல்கிறார் முதல்வர். வகுப்பில் 60 பேர். லேபில் 40 கணினி இருந்தாலும் ஓடுவது 32தான். பாதிப் பேருக்குத் தமிழில் டைப் செய்யவே தெரியாது, தெரிந்தவர்கள் நெட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். தேர்வைப் பேனாவில்தானே எழுதப் போகிறார்கள், இது வீண் வேலை என்று துறையில் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

ஒத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள். அந்த 2 மணி நேரத்தில் நீங்கள் பாடம் நடத்தக் கூடாது, ப்ரொஜெக்டரில் பவர்பாயின்ட் ஓட்டக் கூடாது, வீட்டில் நோட்டில் எழுதி வந்ததை டைப் அடித்து பிரிண்ட் எடுக்கவும் சொல்லக் கூடாது. லேபில் மொழி வகுப்பு என்று ஆசையாக ஆரம்பித்தது இந்த மூன்றில் ஒன்றாகப் போய் முடிவதை நிறையப் பார்க்கிறேன், அப்புறம் அடுத்த டைம்டேபிளில் அந்த நேரம் சத்தமில்லாமல் கணினித் துறைக்கே திரும்பிப் போய்விடும்.

எழுத்துப் பயிற்சி வகுப்புகளை லேபில் நடத்துவதும், மற்ற ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாம் பக்கத்தில் நின்று பார்க்க முடிவதுதான் லேப் நமக்குத் தருகிற பெரிய வசதி. நோட்டுத் திருத்தும்போது நம் கைக்கு வருவது எழுதி முடித்த ஒன்று. 60 நோட்டிலும் சிவப்பு மையில் ஓரத்தில் ‘விளக்கம் போதாது’ என்று எழுதிக் கொடுக்கிறோம், பையன் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறான். அதே பையன் முதல் வரியை அடிப்பதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பின்னால் போய் நின்று “என்ன சொல்ல வர்றே, எங்கிட்ட வாயால சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்வது அழித்ததைவிட நல்ல வாக்கியமாக இருக்கும். “இதையே அடி” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடலாம். ஒரு மணி நேரத்தில் எல்லோரிடமும் போக முடியாது, பதினைந்து பேரிடம் போனால் போதும், மிச்சப் பேரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் திரையில் இப்படி இருந்தது: “எங்கள் ஊரில் போதிய பேருந்து வசதி இல்லாததால் பொதுமக்களும் மாணவ மாணவியரும் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகி வருகின்றனர் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.” ஒரு பிழை கிடையாது, பள்ளிக்கூடத்தில் இதற்கு முழு மார்க் கொடுத்திருப்பார்கள். எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், அதுதான் அதன் குறை. காலையில் எந்த பஸ்ஸில் வருகிறாய், அதை விட்டால் அடுத்தது எப்போது, விட்ட அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது திரையில் இது இருந்தது: “காலை 7.15 பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்த பஸ் 10.30க்குத்தான். கல்லூரி 9.30க்குத் தொடங்குகிறது. 7.15 பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காத நாளில் நாங்கள் ஆறு பேர் மெயின் ரோடு வரை 3 கிலோமீட்டர் நடக்கிறோம்.” கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடந்த ‘8.15க்கு ஒரு பஸ் வேண்டும்’ என்ற கோரிக்கையை வெட்டி எடுத்து அவளே மேலே கொண்டுவந்து வைத்திருந்தாள். நோட்டில் எழுதியிருந்தால் அதற்காக முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும், யாரும் எழுத மாட்டார்கள், நானும் கேட்டிருக்க மாட்டேன். திரையில் நாலு விசையில் முடிந்துவிட்டது. லேப் நேரத்தை எழுதியதை மாற்றி எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே பயிற்சிகள் சின்னதாக இருக்கட்டும். தமிழ் டைப்பிங் புதிதாகப் பழகுகிறவர் ஒரு மணி நேரத்தில் நூறு சொல் அடித்தாலே பெரிது. ‘நான் விரும்பும் தலைவர்’ மாதிரி மூன்று பக்கக் கட்டுரை வேண்டாம், அரைப் பக்கம் கொடுங்கள், அதையே இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் செதுக்கட்டும். வேர்டில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ என்று ஒன்று உண்டு (கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஈக்குப் பதில் சி). அதைப் போட்டுவிட்டால் அழித்தது, சேர்த்தது எல்லாம் நிறம் மாறித் தெரியும். இரண்டாவது வாரம் திருத்தத்துக்கு உட்காரும்போது போட்டால் போதும். முதல்நாளே போட்டால் திரை முழுக்கக் கோடாகி மிரண்டுபோவார்கள்.

இப்படி லேபில் எழுத்து வகுப்பு நடத்துவது புது யோசனையும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 1980களிலேயே இதைத் தீவிரமாகச் செய்தார்கள். கேத்லீன் கீஃபர், சிந்தியா செல்ஃப் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1983இல் இதற்கென்றே ஒரு செய்திமடல் தொடங்க, அது ஆய்விதழாக வளர்ந்து இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த முயற்சி வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1985இல் ட்ரென்ட் பேட்சன் என்ற ஆங்கில ஆசிரியர் லேப் கணினிகளை வலைப்பின்னலில் இணைத்து, வகுப்பில் நடக்கும் பேச்சையே திரையில் எழுத்தாக்கினார். ஆசிரியர் கேள்வியை எழுதுவார், மாணவர்கள் பதிலை எழுதுவார்கள், ஒருவருக்கொருவர் எழுத்திலேயே வாதாடுவார்கள். அந்த மாணவர்களுக்கு அன்றாடப் பேச்சு சைகை மொழியில். ஆங்கிலம் என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்திலும் பரீட்சையிலும் எட்டிப் பார்க்கிற மொழி. எதிரில் இருக்கிற ஒரு ஆளிடம் உடனுக்குடன் அதில் பேச அங்கே வாய்ப்புக் கிடைத்தது.

நம் பிள்ளைகளின் நிலைமை வேறுதான், நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறவர்கள். ஆனால் எழுத்துத் தமிழ்? வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் வாய்ஸ் மெசேஜ். தமிழ் எழுத்தில், முழு வாக்கியத்தில், படித்துப் பதில் சொல்லப் போகிற ஒருவருக்கு அவர்கள் எழுதியதே பள்ளியைவிட்டு வந்தபின் இருக்காது, பலருக்குப் பள்ளியிலும் இருந்திருக்காது. அதனால் வகுப்பின் முதல் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பை இரண்டு கணினியில் திறந்துவிட்டு, வாயைத் திறக்காமல் எழுதியே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். ‘கேன்டீனில் என்ன மாற வேண்டும்’ மாதிரி அவர்களுக்குச் சூடான விஷயமாகக் கொடுங்கள். பிழை திருத்த வேண்டாம், மார்க் வேண்டாம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் நிறைய எழுதுவார்கள், யார் யார் என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அந்தக் காலத்தது. 1983இல் ஸ்டீபன் மார்க்கஸ், ஷெரிடன் ப்ளௌ என்ற இருவர் மாணவர்களைத் திரையின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எழுதச் சொன்னார்கள். எழுதியது கண்ணுக்குத் தெரியாததால், திரும்பித் திரும்பிப் படித்து அழித்துக்கொண்டிருக்காமல் கை முன்னால் போகும். மானிட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு எட்டு நிமிடம், அவ்வளவுதான். முதல் மாதத்தில் செய்யாதீர்கள், ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றுகிற முறையில் அடிப்பவர்களுக்குத் திரையில் வரும் சொல்லைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். கை பழகிய பிறகு செய்து பாருங்கள், ‘எனக்கு எழுதவே வராது மேடம்’ என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நன்றாகப் பலன் தருகிறது.

சரி, டைப்பிங் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று தெரிகிறது. தட்டச்சுப் பயிற்சி என்று தனியாக வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள், எழுத்து வகுப்பு அதிலேயே செத்துவிடும். போனில் எதைப் பழகியிருக்கிறார்களோ அதிலேயே தொடங்கட்டும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பது பெரும்பாலோருக்கு உடனே கைவரும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்த விசைப்பலகையும் இருக்கிறது, தமிழ் 99உம் இருக்கிறது, அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய விண்டோஸ் ஓடுகிற கணினி என்றால் என்.எச்.எம். ரைட்டர், அழகி, இ-கலப்பை என்ற தமிழ் டைப்பிங் மென்பொருள்களில் ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

தமிழ் 99ஐ ஒரு நாள் காட்டுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை, புள்ளி தானாக விழுந்துவிடும். தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு அதன் அழகு சட்டென்று பிடிபடும், வகுப்பில் நாலைந்து பேராவது அதற்கு மாறிவிடுவார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும்போது ல, ள, ழ மாறும், ன, ண, ந மாறும், ர, ற மாறும். ஷிஃப்டை அழுத்த மறந்தாலோ, வரிசையில் வந்த தப்பான சொல்லைத் தட்டிவிட்டாலோ ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்கு எழுத்துப்பிழை வருகிறது என்று எண்ணி மார்க்கைக் குறைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டச் சொல்லுங்கள், கை தெரியாததா எழுத்து தெரியாததா என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிழைதிருத்தியை முதல் பாதி நேரம் அணைத்து வையுங்கள். திரையில் சிவப்புக் கோடு விழுந்தால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டை விரட்டப் போய்விடுவார்கள், அதிலும் ஊர்ப்பெயர், ஆட்பெயர் எல்லாவற்றுக்கும் கோடு விழும். எழுதி முடித்த பின் கடைசிப் பத்து நிமிடம் வாணி எழுத்துப்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி இரண்டிலும் ஓட்டிப் பார்க்கலாம், இரண்டும் இணையத்தில் இலவசம். அது காட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ‘ஏன் இங்கே க் வர வேண்டும்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று விதி வையுங்கள். வல்லினம் மிகும் இடம் கரும்பலகையில் ஏறுவதைவிட இதில் நன்றாக ஏறும்.

எழுத்துரு பற்றி ஒரே வரி, எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையைத் தவிர எதையும் உள்ளே விடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் வினாத்தாள் அடிப்பவர் இன்னமும் பாமினியோ பழைய வானவில் எழுத்துருவோ வைத்திருக்கலாம், அந்தக் கோப்பை மாணவர் போனில் திறந்தால் கோழி கிறுக்கியதுபோல ஆங்கில எழுத்தாகத்தான் வரும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

60 பேர், 32 கணினி என்பதைக் குறையாக நினைக்காதீர்கள், இரண்டு பேருக்கு ஒன்று என்று உட்கார வையுங்கள். முதல் மணி நேரம் ஒருவருடைய கடிதம், அடுத்த மணி நேரம் மற்றவருடையது. யாருடைய கடிதமோ அவர் சொல்லச் சொல்ல, மற்றவர் அடிப்பார். அடிப்பவர் தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, ஆனால் புரியாததைக் கேட்டே ஆக வேண்டும். டைப்பிங் தெரிந்தவரையும் தெரியாதவரையும் சேர்த்துப் போடுங்கள், ஆனால் தெரிந்தவர் கையிலேயே கீபோர்டு போய் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு தடவை நீங்களே மாற்றிவிட வேண்டும். சத்தமாக இருக்கும், இருக்கட்டும். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், முதல்வரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நீங்கள் எல்லா வரிசைக்கும் பின்னால் நடக்க இடம் வேண்டும் என்பதும் முக்கியம், நாற்காலி இடித்துக்கொண்டு நிற்கிற லேப் என்றால் கடைசி வரிசைக்கு நீங்கள் போகவே மாட்டீர்கள். பழுதான எட்டுக் கணினியை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னாலே பாதை கிடைத்துவிடும்.

லேப் பொறுப்பாளரைக் கேட்டு மூன்று விஷயம் தெரிந்துகொள்ளாமல் முதல் வகுப்புக்குப் போகாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பல கல்லூரி லேபில் கணினியை உறைய வைக்கிற மென்பொருள் போட்டிருப்பார்கள், அணைத்துப் போட்டால் அன்று சேமித்ததெல்லாம் போய்விடும். ஒரு மணி நேரம் எழுதியது போனால் அந்தப் பிள்ளை திரும்ப மனதோடு எழுதாது. அதனால் எங்கே சேமிப்பது என்று முதலில் கேளுங்கள். லேபின் சர்வரில் உங்கள் வகுப்புக்கென்று ஒரு ஃபோல்டர் வாங்கிவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். கூகுள் டிரைவ் என்றால், உள்ளே நுழையும்போது போனில் சரிபார்க்கச் சொல்லும், உங்கள் கல்லூரியில் போன் கொண்டுவரத் தடை இருந்தால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, கரன்ட் போனால் யூ.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் தானாகச் சேமிப்பது பொதுவாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்று இருக்கும், அதை 2 நிமிடமாக மாற்றிவிடச் சொல்லுங்கள். மூன்றாவது, தேவைப்படும்போது நெட்டை அணைத்துத் தர முடியுமா என்பது. அவரோடு நல்லபடியாகப் பழகுங்கள், வகுப்பு நடப்பதும் நடக்காததும் பாதி அவர் கையில். உங்கள் பெயரில் வரும் பாராட்டில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எடுத்து ஒட்டுவது பற்றி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது, வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற கட்டுரையை யார் எழுதினார்கள் என்று இனிமேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு அதனாலேயே லேப் நேரம் இன்னும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நெட்டை அணைத்து வைத்த 40 நிமிடத்தில், பக்கத்தில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது எழுதுகிற அரைப் பக்கம் அவர்களுடையதுதான். தலைப்பும் உதவும். ‘சுற்றுச்சூழல் மாசு’ என்றால் ஒட்டத்தான் செய்வார்கள், ‘உன் தெருவில் குப்பை எடுக்காத இடம் எது, யார் எப்போது கொட்டுகிறார்கள், ஊராட்சித் தலைவருக்கு எழுது’ என்றால் நெட்டில் அதற்குப் பதில் கிடையாது. கோப்பு கூகுள் டாக்ஸில் இருந்தால் பழைய வடிவங்களைத் திறந்து அது எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம், நாலு பத்தி ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் தெரிந்துவிடும். போலீஸ் வேலைக்காக இதைச் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒட்டியதில் ஒரு பத்தியை எடுத்து, இதில் உனக்குத் தெரிந்து உண்மை எது, உன் ஊருக்குப் பொருந்தாதது எது என்று கேட்டு அழிக்க வையுங்கள். அதுவும் எழுத்துப் பயிற்சிதான்.

கடைசியாக உங்கள் துறையின் கேள்வி. பருவத் தேர்வு பேனாவில்தான், அது நியாயமான கவலை, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். மாதம் ஒரு முறை லேபுக்குப் பதில் வகுப்பறையில் தாளில் எழுத வையுங்கள், கை வேகம் போகாமல் இருக்கும். மற்றபடி, வாக்கியத்தை மாற்றிப் பார்க்கவும், எங்கே விவரம் குறைகிறது என்று கண்டுபிடிக்கவும் பழகியவர் தாளிலும் நன்றாகத்தான் எழுதுவார். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை லேபுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்த கடிதத்துக்கு மட்டும் போடாமல் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார் என்பதற்குப் போடுங்கள். நன்றாக எழுதத் தெரிந்து வந்தவர் சும்மா இருந்து வாங்குவதைவிட, தடுமாறி எழுதத் தொடங்கி மூன்று தடவை மாற்றியவர் கூடுதலாக வாங்க வேண்டும். மாணவர்களிடம் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல்வருக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். 2 மணி நேரமும் அடுத்தடுத்து ஒரே நாளில் வேண்டும், தனித்தனி நாளில் போட்டால் கணினியைத் திறந்து உள்ளே நுழைவதிலேயே ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போய்விடும், ஜோடி மாறி எழுதுவதும் நடக்காது. அந்த நேரத்துக்கு லேப் பொறுப்பாளர் கூடவே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. கடைசி பீரியடாகப் போட்டால் பஸ் பிள்ளைகள் பாதியில் எழுந்துவிடுவார்கள், காலை நேரமாகக் கிடைக்குமா என்றும் பாருங்கள்.